சிகிச்சை முடிந்த பிறகு வரும் ஆண்டுகளுக்கும் நிதி வேண்டும்: புற்றுநோய் அறக்கட்டளைகளுக்கு ஒரு திறந்த மடல்

புற்றுநோய்ச் சிகிச்சைக்கென நன்கொடை திரட்டி வழங்கும் அறக்கட்டளைகளின் மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

அறுவை சிகிச்சைக்கும் கீமோதெரபிக்கும் வழியின்றித் தவித்த குடும்பங்களுக்கு நீங்கள் செய்த உதவியால் இன்று உயிரோடு இருப்பவர்கள் பலரை நான் அறிவேன். அவர்கள் ஒன்றுகூடும் ஓர் ஆதரவுக் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். அந்தச் சிகிச்சையை நானும் கடந்து வந்தவள். உங்களிடம் என் கோரிக்கை ஒன்றுதான். சிகிச்சைக்கென நீங்கள் வழங்கும் ஒவ்வொரு தொகையோடும், அந்தச் சிகிச்சை முடிந்த பிறகு வரும் ஆண்டுகளுக்கென ஒரு பங்கையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அந்தப் பங்கில் பெரும்பகுதி, மீண்டவர்களைத் தொடர்ந்து கவனித்துக்கொள்ளும் பணியாளர்களின் ஊதியத்துக்குச் செல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 97 லட்சம் பேர் அந்நோயால் இறந்தார்கள். நன்கொடை வேண்டுகோள்களில் இந்த இரண்டு எண்களையும் அடிக்கடி காண்கிறோம். அதே மதிப்பீட்டில் மூன்றாவதாக ஓர் எண்ணும் இருக்கிறது. நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்குள் இருக்கும் நிலையில், உயிரோடு வாழ்பவர்கள் 5 கோடியே 35 லட்சம் பேர் என்பதே அது. ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்பவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. சிகிச்சை முன்னேற முன்னேற இந்த மூன்றாவது எண் வளர்ந்துகொண்டே இருக்கும். அதில் உங்கள் உழைப்புக்கும் பங்கு உண்டு என்பதால்தான் அவர்களைப் பற்றி உங்களிடம் பேசுகிறேன்.

சிகிச்சை முடிந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும் நாளில் குடும்பத்தார் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள், வேலை தந்தவர்கள் எப்போது திரும்புவீர்கள் என்று கேட்கிறார்கள், நிதி வழங்கிய அமைப்பு கோப்பை முடித்து வைக்கிறது. வாரந்தோறும் பார்த்த செவிலியரையும் மருத்துவரையும் இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்றாகிறது. ஆனால் சிகிச்சையின் விளைவுகளில் பல, இந்த இடைவெளியில்தான் தலைகாட்டுகின்றன.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கைவீக்கம் சில மாதங்களிலும் வரலாம், சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். தொடக்கத்திலேயே கவனித்து, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கட்டுப் போடவும், நீவிவிடவும், கையை அசைத்துப் பயிற்சி செய்யவும், தோலைப் பாதுகாக்கவும் சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலும் அதைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியும். கவனிக்காமல் விட்டால் திசு தடித்து இறுகிப்போகும். ஒரு சின்னக் கீறல்கூடத் தொற்றாகிக் காய்ச்சலில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும். அந்தக் கைக்கு அணியும் அழுத்த உறை நாளடைவில் தளர்ந்துவிடுவதால் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிது வாங்க வேண்டும், அதுவும் பல ஆண்டுகளுக்கு, சிலருக்கு ஆயுள் முழுவதற்கும். அறுவை சிகிச்சையின் முழுச் செலவையும் ஏற்ற அமைப்புகளிடம்கூட இந்த உறையைக் கேட்பதற்கு விண்ணப்பப் படிவத்தில் இடம் இருந்து நான் பார்த்ததில்லை. கேட்பதற்குக் கூச்சப்பட்டுப் பழைய உறையையே அணிந்துகொண்டிருக்கும் பெண்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள்.

வாய், தொண்டைப் பகுதிகளில் கதிர்வீச்சு பெற்றவர்களின் நிலை இன்னும் கடினமானது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டு வாய் எப்போதும் வறண்டே இருப்பதால் பற்கள் வேகமாகச் சொத்தையாகின்றன. கதிர்வீச்சுப் பட்ட தாடையிலிருந்து உரிய முன்னெச்சரிக்கையின்றிப் பல்லைப் பிடுங்கினால் எலும்பே அழுகிப்போகும் ஆபத்து உண்டு. ஆகவே எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் இந்தச் செய்தியை முதலில் சொல்ல வேண்டும் என்பதை நோயாளி அறிந்திருக்க வேண்டும். தாடைத் தசைகள் இறுகி வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வராமல் இருக்க நாள்தோறும் பயிற்சி செய்தாக வேண்டும். விழுங்குவதற்குப் பயிற்சி தேவை, பேசுவதற்குப் பயிற்சி தேவை. கழுத்தில் கதிர்வீச்சுப் பட்டிருந்தால் தைராய்டு சுரப்பு குறையக்கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சொல்லிக் கொடுக்கவும் நினைவூட்டவும் ஒருவர் இருந்தால் இவை எல்லாமே செய்யக்கூடியவைதாம். அப்படி ஒருவர் இல்லாததால், பலருடன் அமர்ந்து சாப்பிடுவதையே நிறுத்திவிட்டு வீட்டுக்குள் ஒடுங்கிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் புற்றுநோயை வென்றவர்கள் என்றே பதிவேடுகளில் இருக்கிறார்கள், அது உண்மையும்கூட.

டாக்ஸோரூபிசின் போன்ற கீமோதெரபி மருந்துகள் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடும். சிஸ்பிளாட்டின் செவித்திறனைக் குறைக்கக்கூடும். சில மருந்துகள் கை கால் விரல்களின் நரம்புகளைப் பாதித்து நிரந்தர மரத்துப்போதலை விட்டுச் செல்கின்றன. குழந்தைப் பருவத்தில் சிகிச்சை பெற்றவர்கள் இந்த விளைவுகளோடு வாழ வேண்டிய காலம் மிக நீண்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தைப் பருவப் புற்றுநோயிலிருந்து மீண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. நோய் கண்டறியப்பட்டு முப்பது ஆண்டுகள் ஆவதற்குள் அவர்களில் ஏறத்தாழ 73 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு நாள்பட்ட உடல்நலக் கோளாறும், ஏறத்தாழ 42 விழுக்காட்டினருக்குக் கடுமையான அல்லது உயிருக்கு ஆபத்தான கோளாறும் வரக்கூடும் என்று அது கணித்தது. ஏழு வயதில் உங்கள் நிதியால் காப்பாற்றப்பட்ட குழந்தை முப்பது வயதில் மூச்சிரைப்போடு ஒரு பொது மருத்துவரிடம் போகும்போது, தனக்கு என்ன மருந்து எந்த அளவில் கொடுக்கப்பட்டது என்பதை அவரிடம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர் வைத்திருந்த காகிதங்கள் தொலைந்துபோயிருந்தால் அதை யார் சொல்வார்கள்?

உடலைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். மனத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது குறைவானது என்பதால் அன்று, நீங்கள் எளிதில் உணர்ந்துகொள்வீர்கள் என்பதால். அடுத்த ஸ்கேன் நெருங்கும்போது தூக்கம் போய்விடுகிறது. சாதாரண முதுகுவலி வந்தாலும் நோய் திரும்பிவிட்டதோ என்ற அச்சம் எழுகிறது. சிகிச்சை முடிந்து ஆண்டுக்கணக்கானாலும் ஓய்வெடுத்தும் தீராத களைப்பு சிலரை விடுவதில்லை. பார்ப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. உனக்குத்தான் குணமாகிவிட்டதே என்று அன்போடு சொல்லப்படும் வார்த்தைக்குப் பிறகு, மேற்கொண்டு எதையும் சொல்ல முடியாமல் போகிறது. வேலை, கடன், காப்பீடு ஆகியவற்றிலும் பழைய நோய் குறுக்கே வந்து நிற்கிறது. பிரான்சில் 2016 முதல் சட்டமாக இருக்கும் 'மறக்கப்படும் உரிமை', 2022இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுகள் கடந்து நோயும் திரும்பாதிருந்தால், கடன் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய புற்றுநோயைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்கிறது. இத்தகைய சட்டங்களுக்காக வாதாடுவதற்கும் யாரேனும் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் உங்களில் பலர் நியாயமாகவே ஒரு கேள்வியை எழுப்புவீர்கள். முதல் சிகிச்சைக்கே பணம் போதாமல் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பும் நிலையில், உயிர் பிழைத்துவிட்டவர்களுக்கு எப்படி ஒதுக்குவது என்று கேட்பீர்கள். இதைத் தட்டிக்கழித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. உயிருக்குப் போராடுபவரின் விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொருவரின் கைவீக்கத்துக்குப் பணம் கொடுங்கள் என்று நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். ஆனால் பின்பராமரிப்பைச் சிகிச்சைக்குப் போட்டியாகப் பார்ப்பது சரியன்று. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோயில், அறுவை சிகிச்சைக்குப் பின் 5 முதல் 10 ஆண்டுகள் வரை நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டும். நோய் திரும்புவதைத் தடுப்பதில் அந்த மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. மூட்டுவலி, உடல் சூடேறுதல், மனச்சோர்வு ஆகியவற்றைத் தாங்க முடியாமல் கணிசமான பெண்கள் அதைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தும் முன் கூப்பிட்டுப் பேச ஒரு செவிலியர் இருந்தால், மருந்தை மாற்றியோ வலியைக் குறைத்தோ பலரைத் தொடர வைக்கலாம். அந்த ஒரு செவிலியர் இல்லாமல் போவதால், நீங்கள் பெருந்தொகை கொடுத்துச் செய்வித்த சிகிச்சையின் பலனே குறைந்துபோகிறது.

பின்பராமரிப்புக்கு நிதி வழங்க முன்வருபவர்களும், பெரும்பாலும் கையேடுகளையும் செயலிகளையும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளையுமே தேர்ந்தெடுக்கிறார்கள். அவற்றின் மதிப்பைக் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் இந்தத் துறை பல ஆண்டுகளாகக் கற்றிருக்கும் பாடத்தை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். புற்றுநோயாளியாக இருந்த மருத்துவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன், மீண்டு வாழ்வதற்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு என்றும் ஒவ்வொன்றுக்கும் தனித்த தேவைகள் உண்டு என்றும் 1985இல் எழுதினார். அடுத்த ஆண்டே மீண்டவர்களுக்கான தேசியக் கூட்டமைப்பொன்று அமெரிக்காவில் உருவாவதற்குத் துணைநின்றார். 2005இல் அந்நாட்டின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' என்னும் மருத்துவ ஆலோசனை அமைப்பு, சிகிச்சை முடிக்கும் ஒவ்வொருவருக்கும் எழுத்து வடிவில் ஒரு பராமரிப்புத் திட்டம் தரப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை அது. ஆனால் கனடாவில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 408 பெண்களிடம் அதைச் சோதித்துப் பார்த்து 2011இல் வெளியான ஆய்வில், திட்டத்தைப் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே மன உளைச்சலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் பராமரிப்பு நடந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே அடிபட்டுப்போனது.

இதோடு இன்னோர் ஆய்வைச் சேர்த்துப் பாருங்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த 889 பேர் அதில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு உடல்நலக் கல்விக் கையேடுகள் மட்டும் தரப்பட்டன. மற்றப் பிரிவினருக்குக் கையேடுகளோடு, மூன்று ஆண்டுகளுக்கு உடற்பயிற்சி ஆலோசகர் ஒருவரும் தரப்பட்டார். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் பிற்பாடு மாதம் ஒரு முறையும் அவர் அவர்களோடு பேசி, ஊக்கப்படுத்தி, தடைகளைக் கேட்டறிந்து வழி சொன்னார். 2025இல் வெளியான முடிவுகளின்படி, ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் ஆலோசகர் இருந்த பிரிவில் 80.3 விழுக்காடு, கையேடு மட்டும் பெற்ற பிரிவில் 73.9 விழுக்காடு. எட்டு ஆண்டுகளில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 90.3 விழுக்காடும் 83.2 விழுக்காடும். பல கீமோதெரபி மருந்துகள் தரும் பலனுக்கு இணையானது இது. இந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தவர்களில் முதன்மையானது கனடியப் புற்றுநோய்ச் சங்கம் என்னும் அறநிறுவனம் என்பதையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 2009இல் ஆள் சேர்க்கத் தொடங்கிய ஆய்வுக்கு, முடிவு வெளிவரும்வரை பொறுத்திருந்து துணைநின்றவர்கள் நன்கொடையாளர்கள். அந்தப் பொறுமையை உங்களிடமும் எதிர்பார்க்கிறேன்.

ஏனெனில் இப்போதைய நடைமுறையில் எங்களை அதிகம் வாட்டுவது, தொகையின் சிறுமையைவிட அதன் குறுகிய ஆயுள்தான். ஓராண்டு நிதியில் ஒரு செவிலியரையோ ஆலோசகரையோ நியமித்தால், அவர் பயிற்சி பெற்று, நோயாளிகளின் நம்பிக்கையைப் பெறுவதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு புதிய திட்டம்தான் வேண்டும், பழையதைத் தொடர்வதற்கு நிதி இல்லை என்று பதில் வருகிறது. தன் வேதனையை முதன்முறையாக ஒருவரிடம் மனம் திறந்து சொன்ன பெண், அடுத்த மாதம் வரும்போது அந்த நாற்காலி காலியாக இருப்பதைக் காண்கிறாள். அப்படி ஏமாந்தவர்கள் மறுபடி வருவதில்லை. இந்தக் குறையைத் தீர்க்கும் முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. பிரிட்டனில் 1911இல் தொடங்கப்பட்ட மேக்மில்லன் அறநிறுவனம் 1970களின் நடுப்பகுதியிலிருந்து சிறப்புச் செவிலியர் பணியிடங்களுக்கு நிதி வழங்கி வருகிறது. பணியிடத்தின் முதல் சில ஆண்டுகளின் ஊதியத்தை அறநிறுவனம் ஏற்பதும், அதன் பிறகு அந்நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவை தொடர்ந்து ஏற்பதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்வதும் அதன் வழிமுறை. அறக்கொடை என்றென்றும் சுமக்க வேண்டியதில்லை. ஒரு பணியிடம் தேவையானது என்று நிரூபிக்கும்வரை சுமந்தால் போதும். அத்தகைய ஒப்பந்தத்துக்கு ஒரு மருத்துவமனையைச் சம்மதிக்க வைக்கும் செல்வாக்கு நிதி கொடுப்பவருக்குத்தான் இருக்கிறது. எங்களைப் போன்ற குழுக்கள் எத்தனை மனு கொடுத்தாலும் அது நடப்பதில்லை.

யாருக்கு உதவுவது என்பதிலும் ஒரு திருத்தம் தேவை. சிகிச்சையை வெற்றிகரமாக முடித்தவர்கள் என்று படிவம் வரையறுத்தால், முற்றிய நோயோடு மாத்திரைகளின் துணையில் ஆண்டுக்கணக்காக வாழ்பவர்கள் வெளியே நிற்க நேர்கிறது. இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001இல் வந்த பிறகு, ஒரு வகை இரத்தப் புற்றுநோய் கொண்டவர்களில் பெரும்பாலானோர் பல்லாண்டுகள் வாழ்கிறார்கள்; அவர்களில் பலருக்குச் சிகிச்சை முடியும் நாள் என்று ஒன்று வருவதேயில்லை. மீண்டவர்களின் கூட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை, வலிநிவாரணப் பிரிவிலும் இடமில்லை. நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஒருவரை இந்தப் பராமரிப்புக்கு உரியவராகக் கொள்ளுங்கள். வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட மனைவியையோ மகனையோ தாயையோ அந்த வரையறைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்; சொல்லத் தயங்கியது இது. நிதி வழங்கும் விழாக்களில் மீண்டவர்கள் மேடையேற்றப்பட்டுத் தங்கள் கதையைச் சொல்ல அழைக்கப்படுகிறார்கள். விரும்பிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களின் துணிவை வணங்குகிறேன். ஆனால் உதவி பெற்றவர் மறுக்க முடியாத இடத்தில் நிற்கிறார். வீட்டில் திருமணப் பேச்சு நடக்கும் இளம்பெண்ணும், நோயை மறைத்து வேலையில் சேர்ந்த இளைஞனும் மேடையில் எடுக்கப்படும் ஒரு புகைப்படத்தால் எதை இழக்கக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள். உதவிக்கு ஈடாக முகத்தையோ கதையையோ கேட்பதில்லை என்று உங்கள் விதிகளில் எழுதி வையுங்கள். திட்டத்தின் பலனை அளக்க வேறு வழிகள் இருக்கின்றன: எத்தனை பேர் மாத்திரையைத் தொடர்கிறார்கள், எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள், கைவீக்கம் எந்த நிலையில் கண்டறியப்பட்டது, களைப்பும் வலியும் உறக்கமும் எப்படி இருக்கின்றன என்பதை அவர்கள் வாயாலேயே, பெயர் வெளியிடாமல், ஆண்டுதோறும் கேட்டு எழுதலாம். காப்பாற்றப்பட்ட உயிர்களின் எண்ணிக்கையைப் போல இந்த விவரங்கள் ஆண்டறிக்கையில் பளிச்சென்று தெரியமாட்டா. இருந்தும் அவற்றை வெளியிடும் துணிவு உங்களுக்கு வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே, அடுத்த நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டை முடிவு செய்ய நீங்கள் கூடும்போது, சிகிச்சை நிதியில் எவ்வளவு விழுக்காடு பின்பராமரிப்புக்குச் செல்லும் என்பதைத் தீர்மானமாகவே நிறைவேற்றுங்கள். விழுக்காடு எவ்வளவு என்பதை உங்கள் வசதியே முடிவு செய்யட்டும். சிறிய பங்கானாலும் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு அது உறுதி செய்யப்பட வேண்டும். அதிலிருந்து முதலில் ஒரு செவிலியரையும், பகுதி நேரமாகவேனும் ஒரு பிசியோதெரபிஸ்டையும் மனநல ஆலோசகரையும் நியமிக்க நிதி கொடுங்கள். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரின் கையிலும், அவருக்குத் தரப்பட்ட மருந்துகளின் சுருக்கத்தோடு, கூப்பிட்டால் எடுக்கும் ஒருவரின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். அழுத்த உறை, செயற்கை மார்பகம், வயிற்றில் அமைக்கப்பட்ட திறப்பின் வழியே கழிவைச் சேகரிக்கும் ஸ்டோமா பை போன்றவற்றுக்கும் பரிசோதனைக்கு வந்துபோகும் பயணச் செலவுக்கும் ஒரு சிறு தொகையை, நீண்ட விண்ணப்பம் இல்லாமல், அந்தச் செவிலியரே வழங்கும்படி அவர் பொறுப்பில் விடுங்கள். முடிவெடுக்கும் குழுவில் மீண்டவர்கள் இருவரையேனும், வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றைத் திட்டமிடுவதற்கு எங்கள் குழு வைத்திருக்கும் தேவைகளின் பட்டியலையும், இதுவரை பெற்ற நிதியின் வரவு செலவுக் கணக்கையும் நீங்கள் கேட்கும்போது தரத் தயாராக இருக்கிறோம். உங்கள் கூட்டத்துக்கு வந்து விளக்கவும் அழைப்பை எதிர்பார்த்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பணியில் மதிப்புக் கொண்ட,
புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கான ஆதரவுக் குழு ஒன்றின் தன்னார்வலர்